நான்காம் வளைவின் கண்ணாடி

ஓபாடோவ்,
9 ஆகஸ்ட் 2002, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்லாவ்கா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமைதான் போனில் பேசினோம், அதற்குள் கடிதம் வருகிறதே என்று பயந்துவிடாதே. இங்கே யாருக்கும் எதுவும் ஆகவில்லை. உனக்குத் தபால் வந்தால், கிராட்ஸில் நீ கவனித்துக்கொள்கிற பெரியவரின் மகள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. அதற்காக மன்னித்துக்கொள். போனில் நீ "அப்புறம்?" என்று கேட்டதும் நான் சொல்ல வந்தது எங்கோ போய்விடுகிறது. கடைசியில் கோழிகளைப் பற்றிப் பேசி வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கோழிகள் நன்றாக இருக்கின்றன. செர்ரி இந்த வருடம் கிளை தாங்காமல் காய்த்தது. ஒலீனா அத்தை வேலி தாண்டி வந்து பாதியைப் பறித்துக்கொண்டு போனாள், ஒரு வாரம் கழித்து ஏழு புட்டி ஜாம் கொண்டுவந்து வைத்தாள். "உங்கம்மா கைப்பக்குவம் வராதுடி, ஆனா சர்க்கரைய அள்ளிக் கொட்டியிருக்கேன்" என்றாள். உண்மைதான், சர்க்கரை மட்டும்தான் தெரிகிறது. உனக்கென்று மூன்று புட்டிகளை நிலவறையில் வைத்திருக்கிறேன்.

வருகிற வியாழக்கிழமை மாதா விண்ணேற்புத் திருவிழா. லிண்டன் மரங்களுக்கெல்லாம் இடுப்பளவுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். எந்த வீட்டைக் கடந்தாலும் கசகசா ரொட்டி வாசனை. பிஷப் வருகிறார் என்பதால் அவருக்கு எந்த நாற்காலி போடுவது என்று இரண்டு வாரமாகச் சண்டை நடக்கிறது. சாமியார் வீட்டு நாற்காலிக்குக் கால் ஆடுகிறதாம், பள்ளிக்கூடத்து நாற்காலியில் பழைய கட்சி முத்திரை இருக்கிறதாம். போன வருடம் வரை பலிபீடத் துணிக்கு நீதான் கஞ்சி போடுவாய். இந்த முறை ஒலீனா அத்தை போட்டாள். துணி பலகை மாதிரி நிற்கிறது. இம்ரிக் சாமியார் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத விரிக்க வேண்டாம், சாத்தி வெச்சாலே போதும்" என்றார்.

பிஷப் வருவது பூசைக்காக மட்டுமில்லை. ஓடுகளை மந்திரிக்கவும்தான். அமெரிக்காவில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் சேர்ந்து கோயிலுக்குச் சிவப்பு ஓடு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேனே, அது வந்துவிட்டது. கோயிலுக்கு வடக்கே ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லாரும் போய் ஒரு ஓட்டைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்க்கிறார்கள். "இனிமே மழை பெஞ்சா குடை பிடிச்சுக்கிட்டு பூசை வைக்க வேண்டியதில்ல" என்று சாமியார் சின்னப் பையன் மாதிரி சிரிக்கிறார். கறுத்துப்போன மரச்சில்லுக் கூரையைப் பிரித்துவிட்டு இந்த ஓட்டைப் போடப் போகிறார்கள். கிரேன் செப்டம்பர் இரண்டாம் தேதி வருகிறது.

அந்த ஓடு, மரச்சில்லைவிட மூன்று மடங்கு கனம், அம்மா. அதைச் சுவர் தாங்குமா என்று பார்ப்பதுதான் என் வேலை.

மார்ச்சில் இந்த வேலை கிடைத்ததை உனக்குப் போன் செய்து சொன்னேன். நம் கோயிலையே அளக்கப் போகிறேன், இஞ்சினியர் வாவ்ரெக் என்னை எடுத்துக்கொண்டார் என்றேன். நீ, "நல்லது. ஈஸ்டருக்கு நான் வரல, இன்னொரு தவணை இங்கயே இருந்துக்கறேன்" என்றாய். அப்புறம் ஜூனிலும் வரவில்லை. பெரியவருக்கு உடம்பு சரியில்லை என்றாய். நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன், ஆனால் அது மட்டும்தான் காரணமா என்று தெரியவில்லை.

வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. சாரத்தில் ஏறும்போது கொத்தனார் கெய்ஸா மாமா கீழே இருக்கிறவர்களை அதட்டுகிறார்: "வழி விடுங்கடா, படிச்ச காலு வருது." எனக்கு வெட்கமாக இருக்கும். முதல் வாரம் "இஞ்சினியரம்மா" என்று யாராவது கூப்பிட்டால் பின்னால் திரும்பிப் பார்ப்பேன். நம் வீட்டுக் கதவில் என் பெயருக்கு முன்னால் பட்டம் போட்ட தகட்டை நீயே ஆணி அடித்து மாட்டியதை நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் கோணலாகத்தான் மாட்டியிருக்கிறாய். நான் நிமிர்த்தவில்லை.

உள்ளே போனதும் எனக்கு அளவுநாடா மறந்துவிடுகிறது, சனிக்கிழமைகள்தான் ஞாபகம் வருகின்றன. இரண்டு வாளி, ஒரு துடைப்பம், நீ, நான். வெயில் காலத்திலும் அங்கே மூச்சு புகையும். "துடைப்பத்த அப்படிப் பிடிக்காதடி, சாமியார் தூபம் போடற மாதிரி இருக்கு" என்பாய். வெள்ளை அங்கித் துறவிகள் கட்டின கோயில் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதை வந்து ஒப்பித்தால், "அவங்களுக்குப் படம் கூடாதாம், சிலை கூடாதாம், கலர்க் கண்ணாடி கூடாதாம், கோபுரமும் கூடாதாம். துடைக்கிறவளுக்கு நல்லதாப் போச்சு" என்பாய். கல்லூரியில் அந்தத் துறவிகளின் எளிமையைப் பற்றி நாற்பது பக்கம் படித்தேன். உன் ஒரு வரியில் இருந்ததற்கு மேல் அதில் பெரிதாக எதுவும் இல்லை.

கிழக்குச் சுவரில் மூன்று நெட்டை ஜன்னல்கள் வழியாகக் காலை வெயில் வந்து, தரையில் மூன்று பாய் விரித்தது போல் கிடக்கும். நடுப்பாயில் நான் உட்கார்ந்து பாடம் எழுதுவேன். வெயில் நகர நகர நானும் நகர்வேன். பதினொரு மணிக்கு முதல் தூணுக்குக் கீழே சுவரில் முதுகு முட்டும். அந்தத் தூண்கள் பாதியிலேயே நின்றுபோவதை அப்போதே கவனித்திருக்கிறேன். தரைவரை வராமல், ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கல் மொட்டில் முடிந்துவிடும். கீழே துறவிகளின் மர இருக்கைகள் இருந்ததால் அப்படி என்று இப்போது தெரியும். அப்போது, கட்டுகிறவர்களுக்குக் கல் தீர்ந்துபோய்விட்டது என்று நினைத்தேன்.

ஒரு விதத்தில் தீர்ந்தும்தான் போயிருக்கிறது. மூன்றாம் வளைவு வரைக்கும் கல் மஞ்சள், நான்காவதிலிருந்து சாம்பல் நிறம். தாத்தாரியப் படை வந்து எரித்துவிட்டுப் போன பிறகு இருபது வருடம் வேலை நின்றிருக்கிறது. மறுபடி கட்ட வந்தவர்கள் வேறு ஆட்கள், கொண்டுவந்தது வேறு கல். மஞ்சள் பகுதியில் வளைவு ஏறக்குறைய வட்டமாக இருக்கும், சாம்பல் பகுதியில் கூராகிவிடும். மஞ்சள் கற்களில் தூண்டில் முள் மாதிரி ஓர் அடையாளம் இருக்குமே, ஒரு கல்தச்சன் போட்டது, அது நான்காம் வளைவிலிருந்து எங்கேயும் இல்லை. நான் எல்லாக் கற்களையும் பார்த்துவிட்டேன். சின்ன வயதில் அவன் எங்கே போனான் என்று கேட்டதற்கு, "பொண்டாட்டி ரொட்டி கட்டிக் குடுக்கல, மீன் பிடிக்கப் போயிட்டான்" என்றாய். வரைபடத்தில் அந்த அடையாளத்தைக் குறிக்கும்போது சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு வருத்தமாகவும் இருந்தது.

விரிசல் அந்த நான்காம் வளைவில்தான் இருக்கிறது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தெற்குச் சுவரை ஒரு காலத்தில் துறவிகளின் முற்றத் தாழ்வாரம் முட்டுக்கொடுத்துத் தாங்கியது. மடத்தை மூடிய பிறகு ஊரே அந்தத் தாழ்வாரத்தைப் பெயர்த்துக்கொண்டுபோய் வீடு கட்டிக்கொண்டது. ஒலீனா அத்தை வீட்டுப் பன்றித் தொட்டி ஒரு தூணின் தலை. நம் நிலவறைக் கதவுக்கு மேலே இருக்கும் கல்லும் அங்கிருந்து வந்ததுதான், அளந்து பார்த்தேன். இவ்வளவுக்குப் பிறகும் சுவர் இருநூறு வருடம் அசையாமல் நின்றது. எழுபத்தைந்தில் கூட்டுப்பண்ணைக்காரர்கள் சுவரை ஒட்டி ஆழமாக வடிகால் வெட்டியபோதுதான் மேலே விரிசல் கண்டது. அடுத்த வருடம் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் இளம் இஞ்சினியர் வந்து, வளைகூரைக்கு மேலே, மரக்கூரைக்குக் கீழே இருக்கிற இருட்டில், விரிசலுக்குக் குறுக்கே விரல் அகலக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரு முனையையும் ஜிப்சத்தில் பதித்து, ஈரம் காயுமுன் ஆணியால் தேதி கீறினார். 12.5.1976. சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும்.

அந்த இளம் இஞ்சினியர் வேறு யாருமில்லை, என் வாவ்ரெக் சார்தான். காலையில் மேலே வந்ததும் முதலில் அந்தக் கண்ணாடிப் பக்கம்தான் பார்ப்பார். தொடமாட்டார், எட்ட நின்று டார்ச் அடித்துப் பார்ப்பார். "இருபத்தாறு வருஷம், என் கண்ணாடி" என்பார். சுவர் எழுபத்தாறிலேயே நின்றுவிட்டது, செத்த விரிசல், ஓடு போடலாம் என்று அவர் அறிக்கை எழுதியிருக்கிறார். இருபத்தேழாம் தேதி கூட்டத்தில் கையெழுத்து. அளந்தவர் என்ற இடத்தில் என் பெயர், பட்டத்தோடு.

என் தூக்குக்குண்டு வேறு சொல்கிறது. எழுபத்தாறில் எழுதிய அளவுப் புத்தகத்தில் நான்காம் வளைவில் சுவர் வெளியே சாய்ந்திருப்பது பதினொரு சென்டிமீட்டர். நான் அளந்தால் பதினாலு. காற்றில்லாத நாளாகப் பார்த்து மூன்று முறை அளந்தேன், குண்டைத் தண்ணீர் வாளிக்குள் விட்டு ஆடாமல் நிறுத்தியும் அளந்தேன். பதினாலுதான்.

சாரிடம் சொன்னேன். சொல்வதற்குள் என் காது சூடாகிவிட்டது. அவர் கோபப்படவில்லை. "எழுபத்தாறுல குண்டு தொங்கவிட்டது யாருன்னு உனக்குத் தெரியாதும்மா. மத்தியானத்துக்கு மேல அவனே சாஞ்சுதான் நிப்பான்" என்றார். "நூல் ஆடும், ஆளும் ஆடுவான். கண்ணாடி ஆடாது." கெய்ஸா மாமா தன் பங்குக்கு, "சுவர் நேராத்தான் இருக்கு இஞ்சினியரம்மா, பூமிதான் சாஞ்சுக் கெடக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கெய்ஸா மாமா வந்து சாரத்தை மாற்ற வேண்டும் என்கிறார். நாளை தொடர்கிறேன்.

ஞாயிறு, மதியம்.

நேற்று எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இன்று பூசைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

அம்மா, செவ்வாய்க்கிழமை நான் மட்டும் மேலே இருந்தேன். வளைகூரையின் முதுகுகள் அந்த மங்கலில் வரிசையாகத் துணி மூடி வைத்த பிசைந்த மாவு மாதிரி இருக்கும், உனக்குத் தெரியும். நான் கண்ணாடியின் பக்கத்தில் மண்டியிட்டு, இடது பக்க ஜிப்சத்தின் ஓரத்தைச் சின்ன உளியால் லேசாகச் சுரண்டினேன். அது சுவரிலிருந்து ஒரு தாள் கனம் விலகியிருந்தது, ஈரமா என்று பார்க்க நினைத்தேன். ஓரம் பெயர்ந்தது. உள்ளே இன்னொரு ஜிப்சம் இருந்தது, கொஞ்சம் சாம்பல் நிறத்தில். அதற்குள் மணல் கலந்த இன்னொன்று. அதற்குள் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் அடியில் கெட்டியான ஒன்று. மொத்தம் ஐந்து. ஒவ்வொன்றிலும் கண்ணாடி பதிந்திருந்த பள்ளம் தெரிந்தது, இரண்டில் உடைந்த சில்லும் இருந்தது.

அடியில் இருப்பது வாவ்ரெக் சார் வைத்தது. மற்ற நான்கு யார் வைத்தது என்று நான் கேட்டுக்கொள்ளவே வேண்டியிருக்கவில்லை. மேலே கீறியிருந்த தேதியை முதல் முறையாகக் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். அந்த ஏழின் நடுவில் குறுக்குக் கோடு, அதன் முனை கீழே வளைந்திருக்கிறது. நம் நிலவறையில் ஒவ்வொரு ஜாம் புட்டியிலும் அந்த ஏழு இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நான் இரண்டாம் வகுப்பு முடித்த கோடை. எண்பத்துநான்கு. மேலே, இதே இருட்டில், நீ பால் கிண்ணத்தில் வெள்ளை மாவு குழைத்தாய், நான் டார்ச் பிடித்தேன். கை வலிக்கிறது என்று அழுதேன். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, "மாதா வீட்டுக்குக் கட்டுப் போடறேன். வெளிய யார்கிட்டயும் மூச்சு விடாத, கட்டு அவிழ்ந்துடும்" என்றாய். நான் மூச்சு விடவில்லை. கொஞ்ச நாளில் மறந்தும்விட்டேன். மார்ச்சில் அந்தப் படியில் ஏறும்போது ஜிப்சம் வாசனை வந்தது, எல்லாம் ஞாபகம் வந்தது. அதனால் செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரிந்தது என்று சொன்னால் அது பொய்.

இப்போது வைத்திருக்கும் கண்ணாடியின் ஒரு விளிம்பு மட்டும் வழவழப்பாகச் சரித்து இழைத்திருக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் அப்படி இருக்காது, படச்சட்டக் கண்ணாடியில் இருக்கும். வீட்டுக்கு வந்து உன் கல்யாணப் போட்டோவைப் பார்த்தேன். அப்பா இறந்து சில வருடங்களில் ஒரு விடுமுறைக்கு வந்தபோது அதில் கண்ணாடி இல்லாததைக் கவனித்துக் கேட்டேன். "துடைக்கும்போது விழுந்துடுச்சு" என்றாய். அது கல்லூரியின் முதல் வருடமா, மூன்றாம் வருடமா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

உன்மேல் கோபமில்லை, அம்மா. இதைத் திரும்பவும் படி. அந்தக் காலத்தில் கோயிலைப் பூட்டக் கட்சிக்காரர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. பக்கத்து ஊர்க் கோயிலைக் கூரை ஒழுகுகிறது என்று பூட்டி, உள்ளே உர மூட்டை அடுக்கினார்கள். இங்கே அப்படி ஆகாமல் போனதற்கு மாதாதான் காரணம் என்று ஊர் சொல்கிறது. காரணம் ஒரு பால் கிண்ணம். எண்பத்தொன்பதில் கட்சி ஆட்சி போன பிறகும் ஏன் மாற்றினாய் என்று முதலில் புரியவில்லை. இப்போது புரிகிறது. ஒன்று உடைந்ததைச் சொன்னால் முன்னால் உடைந்ததையும் சொல்ல வேண்டியிருக்கும்.

எனக்கு அது எப்படிப் புரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் அந்த அடுக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கெய்ஸா மாமா படியேறி வரும் சத்தம் கேட்டது. என் பையில் ஜிப்சம் இருந்தது, புட்டியில் தண்ணீரும் இருந்தது. உள்ளங்கையிலேயே குழைத்து அந்த ஓரத்தை மூடி, கட்டைவிரலால் தடவிவிட்டேன். அவர் வந்தபோது நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கையெல்லாம் வெள்ளையா இருக்கே, ரொட்டி சுட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். ஐந்து வருடம் படித்த நான் செய்தது அதுதான். யோசிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.



நேற்று மதியம் மேலே ஒரு உத்தரத்தில் உட்கார்ந்து சாரும் நானும் சாப்பிட்டோம். அவர் பன்றிக்கொழுப்பையும் வெங்காயத்தையும் பேனாக்கத்தியால் நறுக்கி எனக்குப் பாதி கொடுத்தார். கேட்காமலே பேச ஆரம்பித்தார். "ஆபீஸ்ல எனக்குச் சொன்னது ஒண்ணுதாம்மா. கண்ணாடி உடஞ்சா போன் பண்ணு, அன்னைக்கே பூட்டிடறோம். வருஷா வருஷம் மே மாசம் வருவேன். எட்ட நின்னு டார்ச் அடிப்பேன், மின்னுச்சுன்னா சரி. 'மாற்றமில்லை'ன்னு எழுதிட்டு இறங்கிடுவேன். கிட்டப் போய்ப் பார்த்ததே இல்ல."

ஏன் சார் என்று கேட்டேன்.

"எங்கம்மாவும் கோயிலுக்குப் போறவதானேம்மா" என்றார். இன்னொரு துண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "கீழ உங்கம்மா டீ வெச்சிருப்பாங்க. பாதி டீ, பாதி ரம். குடுக்கும்போது கோப்பை தட்டுல கடகடன்னு அடிக்கும். குளிருனால நடுங்கறாங்கன்னு நெனச்சுக்குவேன்" என்றார். பிறகு, "சௌக்கியமா இருக்காங்களா?" என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடி இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியுமா, தெரிய வேண்டாம் என்று இருக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "உப்பு வேணுமா சார்?" என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்றார்.

கண்ணாடி ஐந்து முறை வைக்கப்பட்டது என்று மட்டும் நான் சொன்னால் போதாது, அம்மா. ஓடு போடக் கூடாது என்பதற்கு அது போதும். ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. முதல் வாரமே சார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்: "விரிசல் எவ்வளவு அகலம்னு பார்க்காத. எவ்வளவு அவசரத்துல இருக்குன்னு பாரு." ஒவ்வொரு கண்ணாடியும் எத்தனை வருடம் தாங்கியது என்று தெரிய வேண்டும். எல்லாம் ஒரே இடைவெளியில் உடைந்திருந்தால் சுவர் மெதுவாகத்தான் போகிறது, மரக்கூரையை அப்படியே விட்டு அஸ்திவாரத்தைப் பலப்படுத்தினால் போதும். எட்டு, ஆறு, மூன்று என்று குறைந்துகொண்டே வந்திருந்தால், ஓடு இல்லாவிட்டாலும் நிற்காது. அப்படியென்றால் இந்த மாதமே முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும், அதுவரை யாரையும் உள்ளே விடக் கூடாது. புதுக் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்தான், அது பதில் சொல்லப் பல வருடம் ஆகும். கிரேன் மூன்று வாரத்தில் வருகிறது.

சார் எழுதிய புத்தகத்தில் இருபத்தாறு வருடமும் 'மாற்றமில்லை' என்றுதான் இருக்கிறது. எது எப்போது உடைந்தது என்று இந்த உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும்.

இன்று பூசையில் நான் தெற்குப் பக்கம் உட்கார்ந்தேன். நான்காம் வளைவுக்கு நேர் கீழே நான்கு வரிசையிலும் ஆள். ஒலீனா அத்தை மகள் கைக்குழந்தையோடு இருந்தாள், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் பாடும்போது நான் பாடவில்லை, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே பறித்த கசகசாக் காய் மாதிரி செதுக்கிய ஓர் உச்சிக்கல் இருக்கிறது, ஆறு விலா வளைவுகளும் அதில்தான் வந்து சேர்கின்றன. சின்ன வயதில் அண்ணாந்து பார்த்தால் அது மிதக்கிற மாதிரி இருக்கும். இன்றும் அப்படித்தான் இருந்தது. இத்தனை அழகாக இருப்பதைப் பற்றி ஓர் அறிக்கையில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய், திருவிழாப் பூசையை வெளியே லிண்டன் மரத்தடியில் வைத்துக்கொள்ளலாமா, உள்ளே சாரம் இடைஞ்சலாக இருக்கும் என்று கேட்டேன். "நீ வந்து நின்னு பேசறதே அதிசயம், உனக்காகவே வெச்சுக்கறேன் போ" என்றார். வியாழக்கிழமைக்கு அது போதும். அதற்கப்புறம் வருகிற ஞாயிறுகளுக்கு என்னிடம் பொய் இல்லை.

அந்த அறிக்கையில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதை முடிவு செய்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஓடு வேண்டாம் என்று சொன்னால் ஊர் என்னை என்ன சொல்லும் என்று தெரியும், அதை நான் தாங்கிக்கொள்வேன். உன் பெயர் வந்தால் உன்னை என்ன சொல்லும் என்றுதான் தெரியவில்லை. சாமியார் உன்னைக் கும்பிடுவார் என்று நினைக்கிறேன். சிலர் பேசுவார்கள். ஒலீனா அத்தை முதலில் பேசிவிட்டுப் பிறகு அழுவாள். உன் பெயரைச் சொல்லாமலே சமாளிக்கலாமா என்று நாலு நாள் யோசித்தேன். சாவி உன்னிடம்தான் இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும், அம்மா.

உன் முட்டி எப்படி இருக்கிறது? பெரியவரைத் தூக்கும்போது தனியாகத் தூக்காதே, அவர் மகளைக் கூப்பிடு. இங்கே சாயங்காலம் குளிர ஆரம்பித்துவிட்டது. உன் நீலச் சால்வையை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது கேட்டுவிடுகிறேன். எண்பத்துநான்கு எனக்குத் தெரியும். மற்ற மூன்று வருடங்கள் எனக்கு வேண்டும், மாதம் நினைவிருந்தால் மாதமும். விளக்கம் எதுவும் வேண்டாம். ஒரு தபால் அட்டையில் மூன்று வரி எழுதினால் இருபத்தேழுக்குள் வந்துவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

இதை எழுதும்போதே தோன்றுகிறது, தபால் வேண்டாம். இருபத்துநான்காம் தேதி சனிக்கிழமை கிராட்ஸிலிருந்து பஸ் இருக்கிறது, நீ எப்போதும் வருகிற பஸ்தான். அந்த மூன்று வருடங்களோடு நீயே வந்துவிடு, அம்மா. கூட்டத்தில் நீ எதுவும் பேச வேண்டாம், வருடங்களை மட்டும் சொல். பக்கத்து நாற்காலியில் நான் இருக்கிறேன்.

மாதா உன்னை வழியில் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் மகள்,
ஸ்லாவ்கா